படத்தில் பார்த்த இடத்தைத் தேடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சினிமா எடுத்த இடங்களைப் பற்றியே இருந்தன. எனக்கு ஆச்சரியமில்லை. நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் வளர்ந்தவள்தான், உலகத்தில் எனக்குத் தெரிந்த முதல் நூறு இடங்களும் திரையில் பார்த்தவைதான். எல்லாக் கடிதங்களுக்கும் பதில் எழுத இடமில்லை, எட்டு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: "பில்லா"வில் அஜித் வரும் லங்காவி தொங்குபாலத்துக்குப் போக வேண்டும் என்று என் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மாமியாருக்கு முட்டிவலி, எனக்கு உயரம் என்றால் தலைசுற்றல். போகலாமா அக்கா? (வாசகி, கூலிம்)

போகலாம்மா, ஆனால் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தப் பாலம் மாட் சின்சாங் மலையில் இருக்கிறது. 2006இல் வந்த இந்தி "டான்" படத்தில் முதலில் பிரபலமாகி, அடுத்த வருஷம் "பில்லா"வில் நம் ஆட்களுக்கும் அறிமுகமானது. நீளம் 125 மீட்டர். வளைந்து போகும் பாலம், ஒரே ஒரு தூணிலிருந்து கம்பிகளால் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த வளைவுதான் கேமராவுக்குப் பிடித்துப்போனது. 2012இல் பராமரிப்புக்காக மூடி 2015இல்தான் திறந்தார்கள், அதற்கு முன்னால் போய் ஏமாந்து திரும்பியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் காரில் 2.2 கிலோமீட்டர் உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம், அதில் முட்டிக்கு வேலையில்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். மேல் நிலையத்திலிருந்து பாலத்துக்கு இறங்கிப் போகும் படிகள் செங்குத்தானவை, திரும்பும்போது அதே படிகளில் ஏற வேண்டும். படி வேண்டாம் என்றால் சாய்வாக இறங்கும் சிறிய மின்தூக்கி இருக்கிறது, தனிக் கட்டணம். காசு பார்க்காமல் மாமியாருக்கு அதை எடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தலைசுற்றல் என்றால் மேல் நிலையத்தின் பார்வை மேடையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், கடலும் தீவுகளும் அங்கிருந்தே தெரியும். பிள்ளைகளை அப்பாவோடு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

காற்றோ இடியோ வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், செப்டம்பர் அக்டோபரில் மழை அதிகம். காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பதுதான் நல்லது. மத்தியானம் மேகம் மூடிவிட்டால் பாலம் இருக்கிற இடமே தெரியாது. கூலிமிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கோலா கெடா போய் ஃபெரி பிடியுங்கள். லங்காவியில் குறைந்தது 2 இரவு தங்குகிற மாதிரி வைத்துக்கொண்டால், ஒரு நாள் மேகத்தால் கெட்டாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

கேள்வி: 1970களில் எங்கள் தோட்டத்தில் திரை கட்டி "உலகம் சுற்றும் வாலிபன்" போட்டார்கள். இப்போது பிள்ளைகள் ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார்கள். வாத்தியார் நடந்த அந்தக் கண்காட்சி இடம் இன்னும் இருக்கிறதா? (வாசகர், வயது 74, தெலுக் இந்தான்)

ஐயா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன், காரணம் பிறகு சொல்கிறேன்.

இடம் இருக்கிறது. ஒசாகாவுக்கு வடக்கே சுய்தா என்ற ஊரில். 1970 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அங்கே நடந்த உலகக் கண்காட்சியில்தான் எம்.ஜி.ஆர். தன் குழுவோடு போய்ப் படம் எடுத்தார், படம் 1973இல் வெளிவந்தது. நாடு நாடாகக் கட்டிவைத்திருந்த காட்சிக்கூடங்களில் பெரும்பாலானவற்றைக் கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள், இப்போது அது பெரிய பூங்கா. ஆனால் தாரோ ஒகமோத்தோ என்ற ஓவியர் வடிவமைத்த சூரியக் கோபுரம் அப்படியே நிற்கிறது. 70 மீட்டர் உயரம், வெள்ளை உடம்பு, இரண்டு பக்கமும் நீட்டிய கை, உச்சியில் தங்க முகம், வயிற்றில் ஒரு முகம், முதுகில் கறுப்பாக ஒரு முகம். உள்ளே பல வருஷம் யாரையும் விடவில்லை, 2018இல் திறந்தார்கள். உள்ளே போக முன்பதிவு வேண்டும், அதைப் பிள்ளைகளிடம் சொல்லி முதலிலேயே செய்யச் சொல்லுங்கள். வெளியில் நின்று பார்க்கப் பூங்கா நுழைவுச்சீட்டே போதும். புதன்கிழமைகளில் பெரும்பாலும் பூங்காவை மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலுக்கே மோனோரயில் வருகிறது.

இப்போது காரணம். எங்கள் தோட்டத்திலும் சம்பளம் போட்ட வாரத்தில் பாடாங்கில், அதாவது திடலில், இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். முன்பக்கம் இடமில்லாவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துகொள்வோம், எழுத்தெல்லாம் இடவலம் மாறி, வாத்தியார் இடக்கையால் சண்டை போடுவார். படம் முடிந்து நடந்து வரும்போது என் அப்பா, "அந்தக் கட்டடமெல்லாம் நிஜமா, இல்லை அட்டையில் செஞ்சு வச்சதா?" என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்டார். கிராணிக்கும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டார். 2019இல் நான் மகளோடு போய் அந்தக் கோபுரத்தின் அடியில் நின்றபோது அப்பா இல்லை. கீழே போய்த் தொட்டுப் பார்த்தேன். கான்கிரீட். சொரசொரவென்று, மழைக்கறை படிந்து, அட்டை இல்லை.

போய் வாருங்கள் ஐயா. வசந்தகாலத்தில், மார்ச் கடைசி ஏப்ரல் முதல் வாரம் போனால் அந்தப் பூங்காவிலேயே செர்ரி பூத்திருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

கேள்வி: "எந்திரன்" படத்துக் கிளிமஞ்சாரோ பாடலை ஆப்பிரிக்காவிலா எடுத்தார்கள்? நண்பனோடு பந்தயம். (வாசகர், தாப்பா)

இல்லை தம்பி. அது பெரு நாட்டில் மச்சு பிச்சு, இன்கா மக்கள் மலைமேல் கட்டிய கல் நகரம். கிளிமஞ்சாரோ தான்சானியாவில் இருக்கிற 5,895 மீட்டர் மலை. பாட்டில் பேர்தான் மலை, படத்தில் இருப்பது வேறு கண்டம். பந்தயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே.

கேள்வி: ஹாலிவுட் படம் எடுத்தார்களாமே, கெல்லிஸ் காசல். பேய் மாளிகை என்றும் சொல்கிறார்கள். ரவுப்பிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிப்போய்ப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? (வாசகி, ரவுப்)

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தது உண்மை. 1999இல் வந்த "அன்னா அண்ட் தி கிங்" படத்தின் சில காட்சிகளை அங்கே எடுத்தார்கள். சயாம் அரசர் கதை, எடுத்ததெல்லாம் நம் ஈப்போ, பினாங்கு, லங்காவி பக்கம். பேய்க் கதையை விட்டுவிடுங்கள், அதைச் சொல்லிச் சொல்லியே அந்த இடத்தில் பார்க்க வேண்டியதை ஆட்கள் பார்க்காமல் வருகிறார்கள்.

கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 20 வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பரிலும் ஈயத்திலும் பணம் பார்த்து, 1915இல் இந்த மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார். கட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மதராஸிலிருந்து வந்த நம் ஆட்கள். செங்கல்லும் இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி வேலையாட்கள் செத்து விழுந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் இது அடங்கும் என்று மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய்ச் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை, கோயில் எழும்பியது. அதற்கு நன்றியாக அந்தக் கோயிலில் சாமி சிலைகளோடு சிலையாக, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு துரையையும் செய்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

மாளிகையில் மலாயாவின் முதல் மின்தூக்கியை வைக்க வேண்டும் என்று கெல்லி ஸ்மித்துக்கு ஆசை. 1926இல் ஐரோப்பாவுக்குப் போனவர் லிஸ்பனில் நிமோனியா வந்து இறந்துபோனார், வீடு முடியவே இல்லை, மனைவி விற்றுவிட்டுப் போய்விட்டார். மின்தூக்கிக்கு விட்ட குழி மட்டும் மாடி மாடியாக இருட்டாக நிற்கிறது.

நான் போனபோது ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்திருந்தது. பிள்ளைகள் ஜன்னல் வளைவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நல்ல ஜன்னல்கள்தான், வெளிச்சம் சாய்ந்து விழும். நான் பூச்சு உதிர்ந்த ஒரு சுவரின் பக்கத்தில் நின்றேன். உள்ளே செங்கல் தெரிந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் சாந்தை இழுத்துவிட்ட கரண்டியின் தடம் அப்படியே இருந்தது, ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்து அழுத்தின மாதிரி ஒரு குழி. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, அது பெரிய விரல்.

அதனால், போங்கள். மாளிகையில் ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு அவசியம் போங்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு கற்பூரம், ஒரு தேங்காய் வாங்கிப் போங்கள். பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொப்பிக்காரரை அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: படத்தில் ஒரு ஊரைக் காட்டிவிட்டு வேறு ஊரில் எடுக்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா? நம் நாட்டிலும் அப்படி நடந்திருக்கிறதா? (வாசகர், பாகான் செராய்)

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பழைய பழக்கம். "ரோஜா"வின் காஷ்மீர் பனி காஷ்மீரில் எடுத்தது இல்லை, அங்கே அப்போது நிலைமை மோசமாக இருந்ததால் மணாலியிலும் ஊட்டி, குன்னூர் பக்கமும் எடுத்தார்கள். நம் நாடு இந்த வேலையில் கைதேர்ந்தது. வெள்ளைக்காரர் காலத்துச் சிம்லாவைக் காட்டிய "இந்தியன் சம்மர்ஸ்" தொடர் முழுக்கப் பினாங்கில் எடுத்தது, கொடிமலை மேலே இருக்கும் பழைய கிராக் ஓட்டல்தான் சிம்லாவின் கிளப். "லஸ்ட், காஷன்" படத்துக்கு ஈப்போவின் பழைய கடைவீதி ஹாங்காங் ஆனது. "கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்" படத்தில் சிங்கப்பூர்ப் பணக்காரர் வீடாக வருவது கோலாலம்பூரின் கார்கோசா, மாஜோங் ஆடும் காட்சி பினாங்கின் நீல மாளிகை.

ஒன்றே ஒன்று எனக்கும் கோபம் வரவைத்தது. 1999இல் வந்த "என்ட்ராப்மென்ட்" படத்தில் மலாக்கா ஆற்றங்கரைக் குடிசைகளை ஒட்டிச் சேர்த்து, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் அந்தக் குடிசைகளுக்குப் பின்னாலேயே நிற்கிற மாதிரி காட்டினார்கள். அப்போது பிரதமராக இருந்த மகாதீரே அதைக் கண்டித்தார். இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்.

பாகான் செராயிலிருந்து பினாங்கு கிட்டத்தில்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். நீல மாளிகையில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்தது, வெயிலில் ஒரு மாதிரியும் மழை மேகத்தில் ஒரு மாதிரியும் இருக்கும். கொடிமலைக்கு ரயிலில் ஏறினால் சிம்லா கிளப்பைத் தேடுவதோடு நின்றுவிடாமல் அருளொளி திருமுருகன் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: 7 நாளில் ஊட்டி, கொடைக்கானல், பொள்ளாச்சி, அதிரப்பள்ளி என்று "ஷூட்டிங் ஸ்பாட்" சுற்றுலாவை ஒரு முகவர் சொல்கிறார், மொத்தம் 30 இடமாம். அம்மாவையும் அழைத்துப் போகிறேன். பணம் கட்டலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

நம் ஊர்க்காரரா, அப்படியானால் நேராகவே சொல்கிறேன், கட்டாதீர்கள் தம்பி.

7 நாளில் 30 இடம் என்றால் நாளைக்கு நாலு. மலைப்பாதையில் ஒரு கொண்டைஊசி வளைவில் லாரி மாட்டிக்கொண்டாலே பாதி நாள் போய்விடும். இதே மாதிரி ஒரு முகவரிடம் நான் 2011இல் பணம் கட்டி மாட்டினேன். வேனை நிறுத்துவார், "இங்கதான் அந்தப் பாட்டு" என்பார், எல்லாரும் இறங்கிப் படம் எடுப்போம், பத்து நிமிஷத்தில் ஹாரன் அடிப்பார். மூன்றாம் நாள் என் அம்மாவுக்கு வாந்தி. நாலாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் குன்னூரிலேயே இறங்கிக்கொண்டோம், மிச்சப் பணம் திரும்பி வரவில்லை.

அந்த நாலாம் நாள்தான் அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருக்கிற நாள். குன்னூரில் மலை ரயில் ஏறிக் கேத்தியில் இறங்கினோம். "மூன்றாம் பிறை"யின் கடைசிக் காட்சியை எடுத்த நிலையம் அது, கமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே ஸ்ரீதேவியைத் தேடி ஓடுவாரே, அது. சின்ன நிலையம். அம்மா பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அவர் கண் சரிவில் தேயிலை பறிக்கிற பெண்கள் பக்கம் போய்விட்டது. நான் தடுப்பதற்குள் இறங்கிப் போய் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் தாய் தகப்பன் இலங்கைத் தோட்டத்திலிருந்து, இரண்டு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தில் திரும்பி அனுப்பப்பட்டவர்களாம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அப்படி வந்தவர்கள் நிறைய, அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. என் அம்மா 30 வருஷம் பால் வெட்டியவர். இரண்டு பேரும் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தேயிலைக் கறையில் கறுத்து வெடித்திருந்தன, அம்மாவின் கட்டைவிரல் அடியில் கத்தி பட்டுக் காய்த்த மேடு. பெரட்டு, அதாவது காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவது, எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அங்கேயும் அதே பேர்தானாம்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருவோம். ஊட்டியும் கொடைக்கானலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொள்ளாச்சி போகும் வழியில் ஒரு நாள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர், 16 சுரங்கப்பாதைகள், 250 பாலங்கள், காலையில் ஏறினால் ஊட்டி சேர மத்தியானம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரம் கடித்துக்கொண்டுதான் ஏறும். "உயிரே"வில் ஷாருக்கான் கூரைமேல் ஆடியது இந்த ரயிலில்தான், நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் ரயில் சீட்டைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவால் அடிக்கடி ரயிலை நிறுத்துவார்கள், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போனால் இ-பாஸ் கேட்கிறார்கள், உயர் நீதிமன்ற உத்தரவு. வாடகை வண்டிக்காரர் எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் குணா குகை. 1991இல் "குணா" வந்தபிறகுதான் அந்தப் பேர், அதற்கு முன்னால் பிசாசின் சமையலறை என்று வெள்ளைக்காரர் வைத்த பேர். 2024இல் "மஞ்ஞும்மல் பாய்ஸ்" ஓடியபிறகு கூட்டம் தாங்கவில்லை. உள்ளே போக முடியாது, வேலி போட்டிருக்கிறார்கள், 2006இல் கேரளத்துப் பையன் ஒருவன் குழிக்குள் விழுந்த உண்மைக் கதைதான் அந்தப் படம். உள்ளே காட்டும் குகையைக் கேரளாவில் செட் போட்டு எடுத்தார்கள். வேலிக்கு வெளியே, தரையெல்லாம் பாம்பு மாதிரி பின்னிக் கிடக்கும் வேர்களைப் பாருங்கள், அது ஒன்றே அங்கே போனதற்குப் போதும். வேலியைத் தாண்டச் சொல்லி யாராவது காசு கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: லியோனார்டோ டிகாப்ரியோ படம் எடுத்த தாய்லாந்துக் கடற்கரைக்கு நாங்கள் 6 பேர் ஆகஸ்டில் வேனில் போகிறோம். நீந்துவதற்கு நல்ல இடமா? (வாசகர், பீடோர்)

ஆகஸ்டில் போனால் வாசலோடு திரும்பி வருவீர்கள். நீங்கள் சொல்லும் அந்தக் கடற்கரை, மாயா வளைகுடா, ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படும். திறந்திருக்கும் மாதங்களிலும் நீந்த விட மாட்டார்கள், காலை நனைக்கலாம், அவ்வளவுதான்.

ஏன் என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வராது. "தி பீச்" படத்துக்காக 1999இல் அந்த மணல்மேட்டைச் சமன்படுத்தி, இருந்த செடிகொடிகளை எடுத்துவிட்டுத் தென்னை நட்டார்கள். படம் 2000இல் வந்து, அப்புறம் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து இறங்க ஆரம்பித்தார்கள். படகுகளின் நங்கூரம் பட்டுப் பவளம் உடைந்தது, பவளம் போனதும் மீனும் போனது. 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் கையால் பவளத்துண்டுகளை நட்டு வளர்த்திருக்கிறார்கள், கரிமுனைச் சுறாக்குட்டிகள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. படகுகளை இப்போது வளைகுடாவுக்குள் விடுவதில்லை, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும்.

டிசம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாடாங் பெசாரில் எல்லை தாண்டி ஹாட்யாய் வழியாகக் கிராபி போய்விடலாம். ஜேம்ஸ் பாண்ட் தீவும் அந்தப் பக்கம்தான், 1974இல் வந்த படம், கடலில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் பாறை. அதன் அருகே படகு விடுவதை 1998லேயே நிறுத்திவிட்டார்கள், எதிர்க்கரையிலிருந்து பார்க்கலாம். நீந்த வேறு தீவுகள் ஏராளம்.

கேள்வி: பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுத்தார்கள். எங்கள் லயத்து வாசல் அதில் கொஞ்ச நேரம் வரும். இப்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை இடிக்கப் போகிறார்கள். பேரன் அதைப் பார்க்க வேண்டும் என்கிறான். காடாகக் கிடக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று மகள் தடுக்கிறாள். (வாசகி, வயது 69, கெடா)

அம்மா, இந்த வாரமே போங்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

காவலாளி இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், விடாவிட்டால் புதிய நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்து நாள் கேளுங்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், செம்பனைத் தோட்டத்துக்குள் வெயில் ஏறினால் புழுக்கம் தாங்காது. முழுக்கால் உடுப்பு, மூடிய செருப்பு, பாம்புக்கு ஒரு கம்பு. இடிந்த கூரைக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

அந்த நாடகத்தின் ஒளிப்பதிவு யாரிடமாவது இருக்கிறதா என்று பழைய லயத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அந்தக் காட்சியைப் பேரனின் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாசலைக் கண்டுபிடித்ததும் அந்தக் காட்சியில் கேமரா நின்ற இடத்தில் அவனை நிற்க வைத்து, நீங்கள் வாசற்படியில் உட்காருங்கள், அவன் எடுக்கட்டும். அப்புறம் நடந்து காட்டுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், தண்ணீர்ப்பைப்பு எங்கே, பால் நிறுக்கும் கொட்டகை எங்கே, ஆயாக்கொட்டகையில் உங்கள் மகளை எந்த மூலையில் தொட்டில் கட்டிப் போட்டீர்கள். அவன் ஒளிப்பதிவு செய்துகொண்டே வரட்டும், நீங்கள் பேர்களைச் சத்தமாகச் சொல்லுங்கள். கோயில் இன்னும் நின்றால் உள்ளே கல்லில் பேர் ஏதாவது வெட்டியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதைக் கிட்டப் போய் எடுக்கச் சொல்லுங்கள். சாமியை எங்கே மாற்றப் போகிறார்கள் என்பதையும் அன்றைக்கே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களில் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், வாசற்படியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை. இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.